பங்குனியில் வாளியோடு போங்கள்

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மலையில் நிலம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் ஒன்பது வருஷம் தோட்டம் வைத்திருந்துவிட்டு ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்கே திரும்பி வந்த என் கதையை முன்பு ஒரு இதழில் நாலு வரி எழுதியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்தத் தடவை முழுக்க அதுவே. மிளகாயில் இலைச்சுருட்டு, ஆட்டுக்குக் குடற்புழு என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கீழ்ப்பழனி மலையில் மூன்று ஏக்கர் காட்டுகிறார்கள். ஓடை ஓடுகிறது, எங்கே பார்த்தாலும் பச்சை. வேண்டியதை நாங்களே விளைவித்துச் சாப்பிட்டு, யாரையும் எதிர்பார்க்காமல் வாழ ஆசை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– பெரியபட்டினம் வாசகர்

தம்பி, எந்த மாதம் போய்ப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே. மார்கழியா, தையா? நானும் தையில்தான் போனேன். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிப் பழகிய ஜனம் நாம், ஓடுகிற தண்ணீரைக் கண்டால் நமக்குப் புத்தி நிற்காது. ஓடையில் காலை வைத்தேன், ஜில்லென்று இருந்தது, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். புரோக்கர் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். பாறை இடுக்கிலிருந்து விழும் ஊற்றுக்கு அடியில் பத்து லிட்டர் வாளியை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடியில் நிறைந்தது. ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். ராமநாதபுரத்துக்காரனுக்கு அது ஒரு கண்மாய் மாதிரி. அப்புறம் பங்குனிக் கடைசியில், கோடை மழை விழுவதற்கு முன்னால், அதே வாளியைத் தூக்கிக்கொண்டு அதே இடுக்குக்குப் போனேன். தண்ணீர் பாறையோடு ஒட்டி வழிந்தது, வாளிக்குள் விழவே இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு சேம்பிலையைப் பறித்து, நீளவாக்கில் மடித்து, காம்பைப் பாறை வெடிப்பில் செருகினார். இலை நுனியில் நூல் மாதிரி இறங்கிற்று. வாளி நிறைய பதினோரு நிமிஷம். கணக்குப் போட்டால் நாளைக்கு 1,300 லிட்டர். கீழே ஓடையில் கூழாங்கல்லும் சருகும் கிடந்தன.

1,300 லிட்டர் கேவலமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், நாலு பேருக்கு 220. ஒரு பசு மாட்டுக்குக் குடிக்கவும் கழுவவும் 70, 80 வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஆயிரம் லிட்டர். வெயில் காலத்தில் காய்கறிப் பாத்திக்கு நாளைக்கு நாலு மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும், அந்தக் கணக்கில் ஆயிரம் லிட்டர் ஆறு சென்ட் நிலத்துக்குத்தான் வரும். மூன்று ஏக்கர் என்பது முந்நூறு சென்ட். ஆறு சென்ட் போக மற்றதெல்லாம் மானாவாரி. நீங்கள் வாங்குவது மூன்று ஏக்கர் பச்சை இல்லை, ஆறு சென்ட் ஈரமும் மழையை நம்பிய மிச்சமும். அதற்குத் தகுந்த விலைதானா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஊற்று எங்கே இருக்கிறது? வீட்டுக்கு மேலே பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் மோட்டார் இல்லாமலே ஒரு கிலோ அழுத்தத்தில் குழாயில் வரும். கீழே இருந்தால் காலத்துக்கும் கரண்டு, டீசல், அல்லது தலைச்சுமை. அதனால் நிலம் பார்க்கப் போகிறவர்கள் எல்லைக்குள்ளேயே சுற்றாமல் மேலே ஏறிப் பாருங்கள், அந்தத் தண்ணீர் யார் நிலத்தில் பிறக்கிறது, வழியில் எத்தனை ஓஸ் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான் போனபோது இரண்டு ஓஸ் இருந்தது, திரும்பி வரும்போது ஐந்து. ராத்திரியில் ஓடுகிற தண்ணீர் வீணாகாமல் இருக்க ஐயாயிரம் லிட்டர் தொட்டியாவது வேண்டும், அந்தத் தொட்டியை அந்த இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது தனிக் கதை.

அதுதான் பாதை. வெள்ளகவி மாதிரி ஊர்களுக்குக் காலம் காலமாகக் குதிரையிலும் தலையிலும்தான் சாமான் போயிருக்கிறது. எனக்கு அவ்வளவு மோசமில்லை, தார் ரோட்டிலிருந்து முக்கால் மணி நேர நடைதான். ஆனாலும் மழையில் 108-ஐக் கூப்பிட்டால் வண்டி தார் ரோடு வரைதான் வரும், அதுவரை நோயாளியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். வாங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, டார்ச் ஒன்றை வைத்துக்கொண்டு, தோளில் இருபது கிலோ மூட்டையோடு வீடு கட்டப்போகிற இடத்திலிருந்து ரோடு வரை ஒரு நடை நடந்து பாருங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு.

'யாரையும் எதிர்பார்க்காமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சேம்பிலைப் பெரியவர் இல்லையென்றால் நான் ஆறு மாதத்தில் இறங்கியிருப்பேன். எந்தப் பக்கத்துச் சுவர் ஐப்பசியில் சரியும், எந்தச் செடியை மாடு தொடாது, யாரிடம் விதைக் கிழங்கு கேட்கலாம், எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஆகவே ஒரு வாரம் அந்த ஊரில் தங்கி டீக்கடையில் உட்காருங்கள். உங்களை அவர்களுக்குப் பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமல்லவா.

மலை நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, பத்திரம் பதிவாகிவிடும் என்கிறார்கள். இது போதுமா?
– திருப்பாலைக்குடி வாசகர்

போதாது. பத்திரம் பதிவாவது வேறு, நிலம் உங்களுடையதாவது வேறு.

முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள், சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நில அளவைப் படம்) மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். இது எல்லா நிலத்துக்கும் உள்ளதுதான். மலையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது அந்தப் பட்டா எப்படி வந்தது என்பதை. நிலமில்லாதவர்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் அரசு ஒதுக்கிக் கொடுத்த, அதாவது ஒப்படை செய்த, நிலங்கள் மலைகளில் நிறைய உண்டு. அவை நிபந்தனையோடு வருபவை, நிபந்தனையை மீறி வாங்கினால் கிரயம் நிற்காது, நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தாலுகா ஆபீசில் ஒப்படை ஆணையின் நகலைக் கேளுங்கள். அதைத் தரத் தயங்கினால் அந்த நிலத்தை விட்டுவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு மலைவாழ் குடும்பத்தின் கடைசி ஒரு ஏக்கரை அவசரக் கடனுக்கு எழுதி வாங்கி அதில் நாம் சுயசார்பு வாழ்க்கை நடத்துவது எனக்கு உடன்பாடில்லை.

நிலம் காப்புக்காட்டை ஒட்டி இருந்தால் சர்வேயரை வைத்து அளந்த பிறகுதான் பேச்சு. வீடு கட்டுவதற்கு, அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் பஞ்சாயத்து அனுமதி மட்டும் போதாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென்று 1990-ல் ஓர் ஆணையம் வைத்தார்கள், ஆபீசுகளில் ஹாக்கா என்பார்கள், அதன் ஒப்புதலும் வேண்டியிருக்கும். உங்கள் நிலத்து மரம்தானே என்று வெட்டவும் முடியாது, 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் போர் போடுவது, ஜேசிபி இறக்குவது எல்லாமே தனி அனுமதியில்தான். இதையெல்லாம் தொந்தரவு என்று நினைக்காதீர்கள், கீழே ஏர்வாடி வாசகருக்கு எழுதியதைப் படித்தால் ஏன் என்று புரியும்.

கடைசியாக, பாதை புலப்படத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சில் இருக்கிறதா? என்னுடையது வாய்ப்பேச்சு. 'காலம் காலமா நடக்கிற பாதை சார்' என்றார்கள். பக்கத்து நிலம் கைமாறியது, புது ஆள் ஒரே நாளில் முள்வேலி போட்டார். எட்டு மாதம் ஓடைக்குள்ளேயே நடந்தேன், பிறகு பணம் கொடுத்து ஆறடிப் பாதையை எழுதி வாங்கினேன். அந்தப் பணத்தில் இங்கே ஒரு நல்ல கிணறு வெட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் மலை மலை என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அங்கே போனால் என்ன சாப்பிடுவது? மீன் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது.
– தொண்டி வாசகி

தங்கச்சி, வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி உன்னுடையதுதான். ஆண்கள் எல்லாரும் ஏக்கரைக் கேட்கிறார்கள், அடுப்பைக் கேட்டது நீ மட்டும்தான்.

முதலில் சோறு. மாதத்துக்கு ஆளுக்கு ஒன்பது, பத்து கிலோ அரிசி என்றால் நாலு பேருக்கு வருஷத்துக்கு 450 கிலோ. நெல்லாக 700 கிலோ. மலைச்சரிவில் நெல் நிற்காது, பள்ளத்தாக்கு வயல் இருந்தால்தான் உண்டு. சாமையும் கேழ்வரகும் மானாவாரியில் வரும். சாமை ஏக்கருக்கு 400 கிலோ எடுத்தால் நல்ல விளைச்சல், அதை உமி நீக்கினால் இன்னும் குறையும். சாமையைக் கையால் குத்திப் புடைத்துப் பார், உன் வீட்டுக்காரரையே குத்தச் சொல், ஒரு வாரத்தில் மலை ஆசை பாதி இறங்கிவிடும். நான் செய்தது என்ன தெரியுமா? போன முதல் வருஷமே ரேஷன் கார்டை அங்கே மாற்றிக்கொண்டேன். சுயசார்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வயிற்றை நிரப்புவது கிழங்குதான். மரவள்ளி, சேம்பு, சேனை. பந்தலில் மேரக்காய் (சௌசௌ) ஏறிவிட்டால் தின்று மாளாது, பீன்ஸ் நன்றாக வரும், கீரைக்குக் குறைவில்லை. மலைவாழை அருமையான பழம், ஆனால் முடிக்கொத்து நோய் ஒரு காலத்தில் அந்த மலைகளில் வாழையைத் துடைத்தே விட்டது, இன்றும் கன்று வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். கைச்செலவுக்குக் காப்பியும் மிளகும். காப்பிச் செடி காய்க்க மூன்று, நாலு வருஷம் ஆகும், அதுவரை கையிருப்பில்தான் ஓட்டணும். தென்னை அறுநூறு மீட்டருக்கு மேல் சுகப்படாது, ஆக தேங்காயும் எண்ணெயும் கடையில். உப்பு எப்போதும் கடையில்.

மண்ணும் வேறு. நம்ம ஊரில் உவர், ஜிப்சம் போட்டுப் போராடுகிறோம். அங்கே நேர்மாறு, மண் புளித்துக் கிடக்கும், சுண்ணாம்போ டாலமைட்டோ போட்டால்தான் பயறு, காய்கறி தேறும். மண் பரிசோதனை செய்யாமல் நம்ம பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரு நாள் போய்வரச் சொல்.

மீனுக்கு வருவோம். நாங்கள் நெத்திலிக் கருவாடும் சீலாக் கருவாடும் மூட்டையாகக் கொண்டுபோனோம். ஐப்பசி மழையில் ஒரு வாரம் வெயிலே தலைகாட்டவில்லை. டப்பாவைத் திறந்தால் கருவாடு முழுக்க வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூஞ்சணம். உப்பு ஜாடியில் உப்பு இல்லை, தண்ணீர் இருந்தது. பிறகு அடுப்புக்கு மேலே பரணில் ஓலைக் கொட்டானில் தொங்கவிட்டோம், புகை பட்டுத் தாங்கியது. அந்த வாசனைக்கு நாலு தோட்டம் தாண்டி ஆள் வந்துவிடுவார்கள். ஒரு கை நெத்திலிக்கு ஒரு கூடை பீன்ஸ் கொடுத்த ஊர் அது, இந்தக் கணக்கில் மட்டும் நான் ஒருநாளும் நஷ்டப்பட்டதில்லை.

கொடைக்கானல், சிறுமலை, கொல்லிமலை, ஏலகிரி – நமக்கு எது தோது?
– மண்டபம் வாசகர்

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குளிரும், இதை வைத்துக்கொண்டு யோசியுங்கள். கொடைக்கானல் மேல்மலை இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், மலைப்பூண்டும் உருளையும் கேரட்டும் விளைகிற குளிர், கடற்கரை உடம்புக்கு முதல் மார்கழியே பாடம் சொல்லிவிடும். உறவுக்காரர் பார்க்க வந்தாலும் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு, நிலம் பெரும்பாலும் 'மலையாளி' என்ற பழங்குடியினர் கையில், அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஏலகிரியில் நிலத்தை விளைச்சலுக்காக வாங்குகிறவரைவிட வாரக் கடைசிக்காக வாங்குகிறவர்தான் அதிகம், விலையும் அப்படியே. சிறுமலை நமக்குக் கிட்டத்தில், திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டு வளைவு, வாழையும் எலுமிச்சையும் வரும்.

என்னைக் கேட்டால் மலை உச்சியே வேண்டாம், அடிவாரம் போதும். தென்னை இருக்கும், பஸ் இருக்கும். யானை வருகிற பக்கமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குரங்கு, காட்டுமாடு, பன்றித் தொல்லை எப்படி?
– தங்கச்சிமடம் வாசகர்

இருக்கும். மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று விதைக்கும்போதே ஒதுக்கிவிடுங்கள், மனசு சமாதானமாகும். சோலார் வேலி போட்டால் விட்டுவிட்டு அடிக்கிற முறையான கருவியைத்தான் வைக்க வேண்டும். வேலியில் நேராக வீட்டுக் கரண்டைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது கொலை, மாட்டுக்கும் மனுஷனுக்கும்.

வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு மலை என்றாலே பயமாக இருக்கிறது. இடத்தைப் பார்த்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?
– ஏர்வாடி வாசகர்

பயம் நல்லதுதான். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் இறங்கியது ராத்திரித் தூக்கத்தில் இருந்தவர்கள் மேல். நம்மிடம் தனுஷ்கோடி இருக்கிறது, 1964 டிசம்பர் 22 ராத்திரி. கடல் எதுவரை வரும் என்று நம்ம பெரியவர்கள் மணலைப் பார்த்துச் சொல்வார்கள், மலையிலும் அப்படிச் சில அடையாளம் உண்டு.

சரிவில் நிற்கும் மரங்களின் அடித்தண்டு கத்தி மாதிரி வளைந்து, பிறகு நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்கிறது என்று சந்தேகப்படலாம். தரையில் பிறை வடிவில் வெடிப்பு, பழைய கல்கட்டு வயிறு தள்ளி நிற்பது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, எல்லாம் கெட்ட அறிகுறி. ஓடை விரிந்து இறங்குகிற விசிறி மாதிரி இடம் இருக்குமே, பெரிய உருண்டைப் பாறைகள் சிதறிக் கிடக்கும், சமதளமாக அழகாக இருக்கும், புரோக்கர் வீடு கட்ட இதுதான் இடம் என்று காட்டுவார். அந்தப் பாறைகள் நடந்து வரவில்லை. மேலே யாராவது ஜேசிபி வைத்து ரோடு வெட்டி மண்ணைச் சரிவில் தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள், உங்கள் நிலம் சுத்தமாக இருந்தாலும் மேல் நிலத்துக்காரர் செய்வது உங்கள் தலையில்தான் விழும்.

மலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சாயல்குடி கடலோரத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் மணற்பாங்கான பூர்வீக நிலம் இருக்கிறது, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதில் முடியாதா?
– சாயல்குடி வாசகர்

அண்ணே, நான் திரும்பி வந்தது இந்த மண்ணின் மேல் பாசத்தால் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் முட்டி வலி. ஏறி இறங்க முடியவில்லை. ஆனால் வந்த பிறகு அதே வாளிக் கணக்கை இங்கேயும் போட்டேன், அவ்வளவு மோசமில்லை.

நமக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மழை, பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆயிரம் சதுரடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் 93 லிட்டர். வழியில் போகிறது போக வருஷத்துக்கு அறுபதாயிரம் லிட்டர் பிடிக்கலாம். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லிட்டர் என்றால் வருஷத்துக்கு ஒன்பதாயிரம் சொச்சம்தான். பதினைந்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று கட்டினால் குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

விவசாயத்துக்குக் கிணறு. கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் மிதக்கிற மாதிரி. என் ஆச்சி மணலில் இடுப்பளவு ஊற்று தோண்டி, சிரட்டையால் மேலாக மட்டும் கோதிக் குடத்தில் ஊற்றுவாள். அவசரப்பட்டு ஆழமாக அள்ளினால் 'கீழே உப்பு தூங்குது, எழுப்பாதே' என்பாள். போர் போட்டு ஐந்து குதிரை மோட்டாரில் இழுக்கிறவர்கள் அதைத்தான் எழுப்பிவிடுகிறார்கள். ஆழம் குறைந்த அகலக் கிணறு, சின்ன மோட்டார், கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, இதுதான் வழி. சீமைக்கருவேலத்தை மேலே வெட்டினால் போதாது, தூரோடு எடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். விறகு, கரி விற்ற காசில் வெட்டுக்கூலி ஓரளவு வந்துவிடும். பனை இருந்தால் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். முருங்கை, ஆடு, கொஞ்சம் முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு முண்டு மிளகாயைப் பெயர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள், ஆனால் அதற்குக் கரிசல் கலந்த நிலமாக இருந்தால் நல்லது, வெறும் மணலில் எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணீரை மட்டும் இங்கே பங்குனியில் சோதிக்காதீர்கள். நமக்கு அடிமட்டம் புரட்டாசிக் கடைசி, மழை விழுவதற்கு முன்னால். அன்றைக்குக் கிணற்றின் மேல்மட்டத்தில் ஒரு பாட்டில், அடியில் ஒரு பாட்டில் தனித்தனியாக எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பளவு பாருங்கள். இரண்டு அளவையும், கிணற்றின் ஆழம் எத்தனை அடி, தண்ணீர் எத்தனையாவது அடியில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். மார்கழி இதழில் என்ன நடலாம் என்று சொல்கிறேன்.